விதையின் காவல்: வத்தல் கிட்டங்கியும் தீக்காயப் பிரிவும்

விருதுநகரைப் பற்றி எழுதப் புகுந்தவர்கள் ஒரு முரணைக் குறிப்பிடாமல் விட்டதில்லை. கரிசல் காட்டின் நடுவே, மழையை நம்பிக் கிடக்கும் ஊர் அது. சொல்லிக்கொள்ளும்படி அங்கே எதுவும் விளைவதில்லை. ஆனால் வத்தலுக்கும் மல்லிக்கும் பருப்புக்கும் எண்ணெய்க்கும் விலை சொல்லும் ஊர் அதுவே. சுற்றுவட்டாரத்து வெள்ளாமையெல்லாம் அங்கே வந்து குவிந்து, தரம் பிரிந்து, மறுபடி சாக்கில் ஏறி வெளியூர்களுக்குப் போகிறது. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876-இல் இருப்புப்பாதை போடப்பட்டபோது, அப்போது விருதுபட்டி என்று வழங்கிய இவ்வூர் அப்பாதையில் ஒரு நிலையமாயிற்று. பேட்டையும் மகமையுமாக வளர்ந்துகொண்டிருந்த வணிகத்திற்கு அது புதிய வேகத்தைத் தந்தது.

அதே 1876-இல், இங்கிலாந்தில் ஜான் கிளவ் திரெஷ் என்ற வேதியியலர் மிளகாயின் காரத்துக்குக் காரணமான பொருளைப் பளிங்கு வடிவில் பிரித்தெடுத்து, அதற்குக் கேப்சைசின் என்று பெயரிட்டார். இரண்டு நிகழ்வுகளுக்கும் தொடர்பு ஒன்றுமில்லை. ஆயினும் அன்று முதல் இன்றுவரை வணிகமும் அறிவியலும் மிளகாயில் தேடியது ஒன்றையேதான்: காரம். நாம் இங்கே பேச விரும்புவது காரத்தைப் பற்றியன்று. அதே மிளகாயின் விதையிலும் சதையிலும் சுவையோ மணமோ நிறமோ இல்லாமல் இருக்கும் சில சிறு புரதங்களைப் பற்றி. மனிதரைக் கொல்லும் ஈஸ்ட் வகைப் பூஞ்சைகளை அவை கொல்கின்றன. இந்தச் செய்திக்கும், விருதுநகருக்கு முப்பது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் இருக்கும் சிவகாசிக்கும் ஓர் உறவு உண்டு.

*

முதலில் மிளகாயின் பூர்வீகத்தைச் சொல்லிவிடுவது நல்லது. அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். நம் சமையலறைக்கு வரும் வகையை மெக்சிகோவின் பழங்குடியினர் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பயிராக்கியிருந்தார்கள். கொலம்பஸின் பயணங்களுக்குப் பிறகே அது கடல் கடந்தது. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக இந்தியக் கரைக்கு வந்தது. சங்கப் புலவர் எவரும் மிளகாயைக் கண்டதில்லை. வந்த விருந்தாளிக்குத் தமிழ் தனிப்பெயர் தேடவில்லை. மிளகைப் போல் உறைக்கும் காய் என்பதால் மிளகாய் என்று சொல்லி அடுக்களைக்குள் அனுமதித்துவிட்டது. ஐநூறு ஆண்டுகூட ஆகாத உறவு இது. ஆகவே, கீழே நாம் சொல்லப்போவதை நம் முன்னோர் முன்பே அறிந்திருந்தார்கள் என்று மார்தட்ட இடமில்லை.

செடி ஏன் காரத்தை உண்டாக்குகிறது? பொலிவியக் காட்டு மிளகாய்களை ஆராய்ந்த ஜோஷுவா டியூக்ஸ்பரி குழுவினர் 2008-இல் இதற்கு ஒரு விடை தந்தார்கள். ஒரே இனத்தில் காரமுள்ள செடிகளும் காரமற்ற செடிகளும் கலந்து வளரும் இடங்கள் அங்கே உண்டு. சாறுறிஞ்சும் பூச்சிகள் பழத்தில் போடும் துளைகள் வழியே பியுசேரியம் என்ற பூஞ்சை நுழைந்து விதையை அழிக்கிறது. காரமுள்ள பழங்களில் அந்த அழிவு குறைவாக இருந்தது. நாம் நாக்கால் அறிவதைச் செடி பூஞ்சைக்கு எதிரான வேலியாகவே வளர்த்திருக்கிறது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. காரம் விதையில் ஊறுவதன்று. விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெண்ணிறத் தசையில் ஊறுவது. விதை தனக்கென்று வேறொரு காவலையும் வைத்திருக்கிறது.

*

இப்போது சிவகாசிக்கு வருவோம். பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பி, 1923 வாக்கில் சிவகாசியில் அதைத் தொடங்கினார்கள் என்பது பலரும் அறிந்த வரலாறு. பட்டாசும் அச்சும் அதன் பின் வந்தவை. வானம் பார்த்த பூமியில் பஞ்சத்துக்கு எதிராக எழுந்த தொழில் என்று அதைச் சொல்வார்கள். அந்தத் தொழில் கேட்ட விலையையும் நாம் அறிவோம். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் 35-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூரை அடுத்த அச்சன்குளத்தில் மாண்டவர்களின் எண்ணிக்கை 20-ஐத் தொட்டது. இவை செய்தித்தாளின் முதற்பக்கத்துக்கு வந்தவை, வராதவை பல.

அதே 1923-இல், நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் கிறிஸ்டீன் பெர்கௌட் என்ற ஆய்வாளர் தம் ஆய்வேட்டில் ஒரு பூஞ்சைப் பேரினத்துக்குக் கேண்டிடா என்று பெயர் வைத்தார். லத்தீனில் வெண்மை என்று பொருள். கைக்குழந்தைகளின் நாவில் தயிர்த் திட்டுப்போல் படியும் நோயை நம் மூத்தோர் அக்கரம் என்றார்கள். அதற்குக் காரணமான பூஞ்சை இதுவே. ஆரோக்கியமான உடலில் இது வாயிலும் குடலிலும் தோலிலும் குடித்தனம் செய்துகொண்டு சாதுவாக இருக்கும். உடலின் மதில் இடிந்தால் குருதிக்குள் புகுந்துவிடும். புகுந்தபின் அது சாதுவன்று.

உடலின் மதில் தோல். தீக்காயம் என்பது அந்த மதில் இல்லாமற்போவது. வெடிவிபத்தில் அடிபட்டவர்களைச் சிவகாசி அரசு மருத்துவமனைக்கும் மதுரை இராசாசி மருத்துவமனைக்கும் கொண்டு செல்கிறார்கள். முதல் சில நாட்களைக் கடந்துவிட்ட நோயாளியை அதன்பின் கொல்வது பெரும்பாலும் தொற்றுதான். 1960-களில் வெள்ளிச் சேர்மக் களிம்புகள் முதலிய மேற்பூச்சு மருந்துகள் வந்து, தீக்காயத்தில் பாக்டீரியாக்களின் ஆட்டத்தை ஓரளவு அடக்கின. காலியான இடத்தில் பூஞ்சைகள் வந்து அமர்ந்தன. வலுவான பாக்டீரியாக் கொல்லிகளை நாள்கணக்கில் ஏற்றும்போது, குடலில் கேண்டிடாவைக் கட்டுக்குள் வைத்திருந்த பாக்டீரியாக்களும் சேர்ந்தே அழிகின்றன. நெருப்பிலிருந்து மீண்டவரை இரண்டாம் மூன்றாம் வாரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஈஸ்ட் கொண்டுபோவது இவ்வாறுதான்.

மருந்து இல்லையா என்றால், உண்டு. ஆனால் விரல் விட்டு எண்ணிவிடலாம். 1950-இல் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரௌன் என்ற இரு பெண்மணிகள் கண்டறிந்த நிஸ்டாட்டின், சில ஆண்டுகளில் வந்த ஆம்ஃபோடெரிசின், 1990 வாக்கில் புழக்கத்துக்கு வந்த ஃபுளுகோனசோல், 2001-இல் வந்த காஸ்போஃபஞ்சின் என்று பட்டியல் சுருங்கிவிடுகிறது. பாக்டீரியா நம்மிடமிருந்து வெகுதூரம் விலகிய உயிர்; அதன் உறுப்பு ஒன்றைத் தாக்கினால் நமக்குச் சேதமில்லை. பூஞ்சையோ நம் பங்காளி. அதன் செல்லும் நம் செல்லும் ஏறக்குறைய ஒரே வரைபடத்தில் கட்டப்பட்டவை. அதைக் கொல்லும் நஞ்சு நம்மையும் தீண்டிவிடும். ஆம்ஃபோடெரிசின் சிறுநீரகத்தைக் கெடுப்பது இதனால்தான். போதாக்குறைக்கு, 2009-இல் ஜப்பானில் ஒருவரின் காதிலிருந்து முதலில் அடையாளம் காணப்பட்ட கேண்டிடா ஆரிஸ், சில ஆண்டுகளிலேயே தில்லி மருத்துவமனைகளிலும் தென்பட்டது. அதன் பெரும்பாலான வகைகளுக்கு ஃபுளுகோனசோல் ஒரு பொருட்டே அன்று. 2022 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் முதன்முறையாக வெளியிட்ட ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியலில், மிக அவசரம் என்ற வரிசையில் நான்கு பெயர்கள் இருந்தன. அவற்றில் இரண்டு கேண்டிடாக்கள்.

*

செடிகளின் புரதக் காவலைப் பற்றிய அறிவு கோதுமை மாவிலிருந்து தொடங்கியது. 1942-இல் அமெரிக்காவில் பால்ஸ், ஹேல், ஹாரிஸ் ஆகியோர் கோதுமை மாவிலிருந்து கந்தகம் மிகுந்த ஒரு சிறு புரதத்தைப் பளிங்காக எடுத்தார்கள். பியூரோதையோனின் என்று பின்னர் பெயர் பெற்ற அது, பாக்டீரியாவையும் பூஞ்சையையும் கொல்வதை அதே ஆண்டில் கண்டார்கள். அதை ஆய்வக விலங்குகளின் உடலில் ஊசி வழியே செலுத்தியபோது அவையும் மாண்டன. ரொட்டியாக உண்டால் உணவு, ஊசியில் ஏற்றினால் நஞ்சு. இந்தப் பாடத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம், இறுதியில் தேவைப்படும்.

அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு இத்துறை மந்தமாகவே நடந்தது. 1980-களில் பட்டுப்பூச்சியின் குருதியிலும் முயல், மனிதர் ஆகியோரின் வெள்ளணுக்களிலும் தவளைத் தோலிலும் இத்தகைய கொல்லிகள் கண்டறியப்பட்ட பிறகு, செடிகளின் மீது மீண்டும் கண் திரும்பியது. 1990-இல் கோதுமையிலும் பார்லியிலும் ஒரு புதுவகை கிடைத்தது. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் வில்லெம் புரூகார்ட், புரூனோ கம்யூ ஆகியோரின் குழு விதை விதையாகத் தேடியது. 1992-இல் முள்ளங்கி விதையிலிருந்து இரண்டு புரதங்களை எடுத்தார்கள். பூச்சிகளிலும் விலங்குகளிலும் இருந்த டிஃபென்சின்களோடு அவற்றின் மடிப்பு ஒத்திருந்ததால், 1995-இல் செடி டிஃபென்சின் என்ற பெயர் நிலைத்தது.

அந்த ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வேடுகளின் செடிப்பெயர்களைத் தமிழில் பெயர்த்தால் நம் வீட்டு முற்றம் கண்முன் வருகிறது. 1992-இல் அந்திமந்தாரை விதை. 1995-இல் சங்குப்பூ விதை. 1997-இல் காசித்தும்பை விதை. அதில் கிடைத்தவை வெறும் 20 அமினோ அமிலங்கள் கொண்ட நான்கு பெப்டைடுகள், நான்கும் ஒரே முன்னோடிப் புரதத்திலிருந்து வெட்டி எடுக்கப்படுபவை. வெடித்துச் சிதறும் காசித்தும்பைக் காயைத் தொட்டு விளையாடாத பிள்ளை நம் ஊர்ப்பக்கம் இருந்திருக்க முடியாது.

விதைக்கு இந்தக் காவல் ஏன் இவ்வளவு தேவைப்படுகிறது என்பதற்கும் லூவன் குழு முள்ளங்கியைக் கொண்டே விடை சொன்னது. ஈரம் பட்டு விதையுறை கிழியும் கணம்தான் விதையின் வாழ்வில் மிக ஆபத்தானது. சேமித்த உணவெல்லாம் உள்ளே இருக்கிறது, வெளியே மண் முழுக்கப் பூஞ்சை. உறை கிழிந்ததும் விதையிலிருந்து டிஃபென்சின் கசிந்து, முளையைச் சுற்றி ஒரு வட்டம் போடுகிறது. ஆய்வகத் தட்டில் அந்த வட்டத்துக்குள் பூஞ்சை வளரவில்லை.

*

சரி, எப்படிக் கொல்கின்றன? இவை பெரும்பாலும் 20 முதல் 55 அமினோ அமிலங்கள் வரை கொண்ட குட்டைச் சங்கிலிகள். டிஃபென்சினில் எட்டு சிஸ்டீன்கள் இருக்கும். அவை இரண்டிரண்டாகக் கைகோத்து நான்கு கந்தகப் பிணைப்புகள் ஆகின்றன. நான்கு முடிச்சுப் போட்டுக் கட்டிய சாக்கைப்போல் அது சூட்டுக்கும் அமிலத்துக்கும் எளிதில் அவிழாது. அதன் மேற்பரப்பில் நேர் மின்னூட்டம் மிகுதி. பூஞ்சையின் மேற்பரப்பிலோ எதிர் மின்னூட்டம் மிகுதி. நம் செல்களின் வெளிப்புறம் ஏறக்குறைய மின்னூட்டமற்றது. ஆகவே, பெப்டைடு முதலில் பூஞ்சையின்மீதே சென்று ஒட்டுகிறது.

ஒட்டிய பின் நடப்பதைச் சொல்லக் கரிசல் நிலத்துக் கண்மாயை உவமையாகக் கொள்ளலாம். செல்லைச் சூழ்ந்த சவ்வுதான் கரை. உள்ளே இருக்கவேண்டியதை உள்ளேயும் வெளியே இருக்கவேண்டியதை வெளியேயும் வைத்திருப்பது அதன் வேலை. தையோனின் வகையினர் முரடர்கள். நேரே கரையை உடைப்பவர்கள். டிஃபென்சின் வகையினரோ மடை தெரிந்த கள்வர்கள். கரையில் குறிப்பிட்ட ஒரு கொழுப்பைத் தேடிப் பிடித்துக்கொள்கிறார்கள். டாலியாச் செடியின் டிஃபென்சினுக்கு அது பூஞ்சைகளுக்கே உரிய ஒரு சிக்கலான ஸ்பிங்கோலிப்பிடு. முள்ளங்கியின் டிஃபென்சினுக்கு அது குளுக்கோசில்செரமைடு. கரின் தெவிசன் முதலானோர் 2004-இல் வெளியிட்ட ஆய்வு இதில் ஒரு திருப்புமுனை எனலாம். குளுக்கோசில்செரமைடு மனிதச் செல்லிலும் உண்டு, சோயாவிலும் உண்டு. ஆனால் முள்ளங்கிப் புரதம் பூஞ்சையின் குளுக்கோசில்செரமைடை மட்டுமே பற்றியது. மனிதருடையதையும் சோயாவினுடையதையும் பொருட்படுத்தவில்லை. அந்தக் கொழுப்பை உண்டாக்கும் மரபணுவை இழந்த கேண்டிடாவை அதனால் கொல்ல முடியவில்லை. பங்காளி வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் இடையே மனித மருந்தியல் தேடித் தவிக்கும் வேறுபாட்டை ஒரு முள்ளங்கி விதை ஏற்கெனவே அறிந்து வைத்திருக்கிறது.

மடை திறந்தபின் பொட்டாசியம் வெளியேறுகிறது, கால்சியம் உள்ளே பாய்கிறது. செல்லுக்குள் ஆக்சிஜனின் வினைமிகு வடிவங்கள் பெருகி, உள்ளிருக்கும் புரதங்களையும் கொழுப்பையும் எரிக்கின்றன. சில டிஃபென்சின்கள் கேண்டிடாவைத் தானே தன்னை மாய்த்துக்கொள்ளும்படி தூண்டுகின்றன. அலங்காரப் புகையிலைப் பூவின் டிஃபென்சினைப் பற்றி ஆஸ்திரேலியக் குழுவினர் 2014-இல் காட்டியது இன்னொரு வழி. அப்புரதத்தின் மூலக்கூறுகள் இணை இணையாகச் சேர்ந்து, சவ்வின் ஒரு பாஸ்போலிப்பிடைக் கிடுக்கியில் பிடித்ததுபோல் கவ்வி, சவ்வையே குலைத்துவிடுகின்றன.

*

மிளகாயின் முறை 2006-இல் வந்தது. பிரேசிலின் ரியோ டி ஜெனீரோ மாநிலத்து வடபகுதியில், கரும்புக் காடுகளுக்கு நடுவே காம்போஸ் என்ற நகரம் இருக்கிறது. மானுடவியலாளர் டார்சி ரிபெய்ரோவின் பெயர் தாங்கிய மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்று அங்கே உண்டு. அதன் ஆய்வாளர்கள் மிளகாய் விதையிலிருந்து சிறு புரதங்களைப் பிரித்து, கேண்டிடா உள்ளிட்ட பல ஈஸ்ட்களின்மீது சோதித்தார்கள். சர்க்கரை கிடைத்ததும் ஈஸ்ட் தன்னைச் சுற்றிய நீரை அமிலமாக்கும். அது உயிரோடு உழைப்பதன் அடையாளம். மிளகாய் விதைப் புரதம் சேர்ந்ததும் அந்த உழைப்பு தடைபட்டது, சவ்வும் ஒழுகத் தொடங்கியது. 2014-இல் அதே குழு மிளகாய்ப் பழத்திலிருந்தும் தையோனின் போன்ற ஒரு பெப்டைடை எடுத்தது. 2016-இல் வெளிவந்த அதன் தொடர்ச்சி நம் கவனத்துக்கு மிக உரியது. அந்தப் பெப்டைடையும் ஃபுளுகோனசோலையும் தனித்தனியே சிறிதளவு கொடுத்தால் ஈஸ்ட் தாக்குப்பிடித்தது. அதே சிறிதளவுகளைச் சேர்த்துக் கொடுத்தபோது, சோதித்த ஆறு கேண்டிடா இனங்களும் அடங்கின. ஓர் இனத்தில், பெப்டைடு சவ்வைக் கடந்து கருவின் இருப்பிடம் வரை சென்றிருந்தது.

ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன் மிளகாயைக் கப்பலேற்றி நமக்கு அனுப்பியவர்களின் மொழியைப் பேசும் ஊரிலிருந்தே அதன் இரண்டாம் இரகசியமும் வெளிவந்திருக்கிறது. முதல் இரகசியத்தை நாம் வாங்கி, விலை வைத்து, வணிகமாக்கிக் கொண்டோம்.

*

ஆகவே மிளகாயைத் தின்றால் பூஞ்சை நோய் தீரும் என்று எவரேனும் சொன்னால், வாசகர் நம்ப வேண்டாம். உண்ட புரதத்தின் பெரும்பகுதியை நம் குடல் எந்தப் பருப்பையும்போல் செரித்துவிடும். காயத்தில் மிளகாய் விதையை அரைத்துப் பூசுவது கொடுமை. செடிக்குக் காவல் உண்டு என்பதால் காய்ந்த வத்தலைப் பூஞ்சை தீண்டாது என்பதும் இல்லை. ஈரம் ஏறிய வத்தலில் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு சேர்வதை ஏற்றுமதி செய்கிற எந்த வியாபாரியும் அறிவார்.

ஆய்வகத் தட்டிலிருந்து மருந்துக்குப்பி வரை உள்ள வழி நெடியது. 1942-இல் கண்ட பாடம் இங்கே குறுக்கே நிற்கிறது. கரையை உடைக்கும் முரட்டுத் தையோனினுக்கு எந்தக் கண்மாய் என்ற பேதம் எப்போதும் தெரிவதில்லை. குருதியில் ஏற்றினால் நம் செல்களின் கரையையும் உடைக்கலாம். குருதியின் உப்புகள் பல டிஃபென்சின்களின் வீரியத்தை மட்டுப்படுத்துகின்றன. மருந்தாகும் அளவுக்குத் தூய்மையாக இவற்றை உற்பத்தி செய்வதும் எளிதன்று. ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்று நகப்பூஞ்சைக்காக ஒரு செடி டிஃபென்சினை மனிதர்களிடம் சோதிக்கும் கட்டம் வரை கொண்டுவந்தது. எதிர்பார்த்த பலன் கிட்டாததால் 2022-இல் அம்முயற்சியைக் கைவிட்டது.

ஆயினும் முழு ஏமாற்றத்துக்கும் காரணமில்லை. எலிகளின் உடலில் கேண்டிடா தொற்றை முள்ளங்கி டிஃபென்சின் குறைத்ததாக 2008-இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. உள்ளே ஏற்றக்கூடாத பெப்டைடு மேற்பூச்சாகப் பயன்படலாம். தீக்காயம் என்பது மேற்பூச்சை ஏற்கும் இடமே. தனித்து நிற்க முடியாத பெப்டைடு, வீரியம் குன்றிவரும் பழைய மருந்துக்குத் துணை நிற்கலாம். இந்த இரண்டு 'லாம்'களையும் 'ஆகும்' ஆக்குவதற்குத் தேவையான விதை, விருதுநகர்க் கிட்டங்கித் தரையில் சாக்கிலிருந்து உதிர்ந்து, பெருக்கித் தள்ளப்படும் பொருள். தேவைப்படுகிற நோயாளியோ ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் கட்டிலில் கிடக்கிறார். இரண்டுக்கும் இடையே வேண்டியது பொறுமையான ஆய்வுக்கூடம். சேர்த்த மகமையில் பள்ளி கட்டிய மண் இது. 1885-லேயே சத்திரிய வித்தியாசாலையை எழுப்பிய ஊருக்கு அது எட்டாத கனவன்று.

அதுவரை தீக்காயப் பிரிவில் உயிர்களைக் காப்பது பழைய முறைகளே: கழுவிய கை, காலத்தில் செய்த குருதிச் சோதனை, காயத்தை விரைந்து மூடும் தோல் ஒட்டு. அவற்றுக்கும் முந்தைய காவல் மருந்து கலக்கும் அறையில் இருக்கிறது. ஓர் அறையில் எத்தனை பேர் அமரலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம் என்று விதி எழுதி வைத்திருக்கிறோம். முள்ளங்கி விதை தன் உறை கிழியும் கணத்தில் காவலைத் தவற விடுவதில்லை. நாமோ ஒவ்வொரு தீபாவளிக்கும் முந்தைய மாதங்களில் நாமே எழுதிய அந்த விதிகளைத் தவறவிட்டுக்கொண்டிருக்கிறோம்.